கயிறு இழுக்கிறவர்களுக்கு எட்டுச் சட்டை

கடல் மேல் குடியிருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

இங்கு நலம். அங்கு நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? துறைமுகத்தில் போட்ட உங்கள் கடிதம் பதினெட்டு நாள் ஊர் சுற்றிவிட்டு நேற்று வந்தது. போனில் பேசினால் பாதி வார்த்தையைக் காற்று தின்றுவிடுகிறது, மீதியில் நான் உளறுகிறேன். அதனால்தான் நானும் காகிதத்தை எடுத்தேன். அத்தை ஞாயிறுதோறும் கூப்பிடுகிறார். குளியலறைக் குழாயை மாற்றியாயிற்று. பூனை நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மாடி வீட்டில் போய்த் தூங்குகிறது. நன்றி கெட்டது.

நீங்கள் கிளம்பும்முன் முன்னறையில் வைத்துவிட்டுப் போன, சட்டையில் படம் அடிக்கிற மெஷின் இப்போது என் சொல்பேச்சுக் கேட்கிறது. காகிதத்தில் அச்சாகி வரும்போது படம் காய்ச்சலில் கிடந்தவன் முகம் மாதிரி வெளிறித்தான் இருக்கும். அதைத் துணியின் மேல் கவிழ்த்து, நகராமல் டேப் ஒட்டி, சூட்டுத் தட்டை இறக்கினால் ஐம்பது விநாடி. மை ஆவியாகி நூலுக்குள்ளேயே போய்விடுகிறது. தட்டைத் தூக்கினால் சிவப்பும் நீலமும் அப்போதுதான் விழித்த மாதிரி என்னைப் பார்க்கும். தடவிப் பார்த்தால் துணிதான் இருக்கும், மை கையில் தட்டுப்படாது.

அந்த ஐம்பது விநாடியும் நான் அறையில் இருப்பதில்லை. மெஷினின் வெதுவெதுப்பு முகத்தில் படும், ஜன்னலுக்கு வெளியே மதிய வெயில் அசையாமல் கிடக்கும், கண் தானாக மூடிக்கொள்ளும். ஒரு நாள் உங்கள் கப்பலின் மேல்தளத்தில் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். எல்லாம் வெள்ளைத் துணி. நீங்கள் தூரத்தில் நின்று ஏதோ கேட்டீர்கள். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மெஷின் மணி அடித்துவிட்டது.

போன மாதம் தெருக் கூட்டும் பெண்கள் எட்டுப் பேர் வந்தார்கள். அலுவலகங்களுக்கிடையே கயிறு இழுக்கும் போட்டியாம். போன வருஷம் வேலைச் சீருடையிலேயே இழுத்தார்களாம், பார்த்தவர்கள் சிரித்தார்களாம். இந்தத் தடவை நெஞ்சில் பெயர் போட்ட வெள்ளைச் சட்டை வேண்டும் என்றார்கள். அதுவும் அவரவர் ஆசைப்பட்ட பெயர். ஆமை நடை நடந்து வந்த ஒருத்தி 'மின்னல்' என்று போடச் சொன்னாள். தலைவிக்கு 'மலை'. அது பொருத்தம்தான், அவர் வாசலில் நின்றால் அறைக்கு வெளிச்சம் வராது.

நாலு சட்டை முடித்தேன். ஐந்தாவதற்குத் தட்டை இறக்கியபோது அடிவயிற்றில் சுருக்கென்று பிடித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மணி அடித்தது காதில் விழுந்தது, எழுந்திருக்க முடியவில்லை. துணி கருகும் வாடை பிடித்துப் பக்கத்துக் கடைத் தையல்கார அக்கா ஓடிவந்தார். மெஷினை அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எத்தனை மாசம் என்று மட்டும் கேட்டார். நாலு விரலைக் காட்டினேன். உடனே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

டாக்டரம்மா ஜில்லென்று எதையோ தடவிக் கருவியை வைத்துத் தேடினார். அவர் தேடத் தேட உயிர் என்னிடம் இல்லை. பிறகு ஒரு சத்தம் கேட்டது. தண்ணீருக்குள் யாரோ அவசர அவசரமாக ஓடிவருகிற மாதிரி, நிற்காத சத்தம். எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா இனிமே அந்த மெஷின் கைப்பிடியை நீ இழுக்கக் கூடாது, அந்தப் புகையும் மூச்சுல போகக் கூடாதுன்னு கண்டித்துச் சொன்னார்.

முன்பு இரண்டு தடவை ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டோம். பிறகு அதே ஆட்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு, இல்லை என்று சொன்னதும் நீங்கள்தான். அந்த நல்ல சொல்லை இந்த முறை நான் வாயால் சொல்லவில்லை, இந்தக் கடிதத்திலும் எழுதப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கருகியதற்குப் பதில் ஒன்றும் சேர்த்து, மிச்சச் சட்டைகளைத் தையல்கார அக்காதான் அடித்தார். நான் உள்ளறைக் கட்டிலில் படுத்தபடி வழி சொன்னேன். எழுத்தைக் காகிதத்தில் இடம் வலம் மாற்றி அச்சடித்தால்தான் துணியில் நேராக விழும். கடைசிச் சட்டைக்கு அவர் அதை மறந்துவிட்டார். தலைவியின் 'மலை' தலைகால் புரியாமல் திரும்பி நின்றது. அக்காவுக்கு அழுகை வராத குறை. தலைவி அதை மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நின்றார். கண்ணாடியில் எழுத்து நேராகத் தெரிந்தது. எனக்கு நான் யாருன்னு தெரிஞ்சாப் போதும், இழுக்க வர்றவளுங்க படிச்சா என்ன படிக்காட்டி என்னன்னு சொல்லி அதையே போட்டுக்கொண்டு போனார்.

போட்டியைப் பார்க்க நானும் போனேன். நாற்காலியில்தான் உட்கார்ந்தேன், பயப்படாதீர்கள். இரண்டு சுற்று ஜெயித்தார்கள். கடைசிச் சுற்றில் தீயணைப்பு நிலையத்துப் பெண்களிடம் தோற்று எட்டுப் பேரும் சேற்றில் விழுந்தார்கள். விழுந்த பிறகும் ஒருத்தி கூடக் கயிற்றை விடவில்லை. இந்த வருஷம் யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் ஏனோ கண் நிறைந்துவிட்டது.

தையல்கார அக்கா தன் கடையில் மீந்த வெள்ளைத் துணியில் ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுவந்தார். என் இரண்டு உள்ளங்கையைச் சேர்த்தால் அதற்குள் அடங்கிவிடும். அதற்குள் என்ன அவசரம் என்று திட்டினேன், ஆனால் திருப்பிக் கொடுக்கவில்லை. என்ன படம் போடலாம் என்று தினமும் கேட்கிறார். ஒன்றும் போட விடவில்லை. மடித்து, அலமாரியில் உங்கள் சட்டைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஒப்பந்தம் முடிய இன்னும் ஆறு மாதம் என்று எழுதியிருந்தீர்கள். கேப்டனிடம் கேட்டுப் பாருங்கள், நாலு மாதத்தில் விடுவாரா என்று. காரணம் கேட்டால் நீங்கள் விழிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பெண்டாட்டி கூப்பிட்டாள் என்று சொல்லுங்கள், போதும்.

உங்களைச் சுமக்கிற தண்ணீர் அலுங்காமல் நலுங்காமல் கரை சேர்க்கட்டும். எல்லாத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

வாசலைப் பார்த்தபடி,
உங்கள் வீட்டுக்காரி