ஆஷுரா மேளமும் ஒரு வாளித் தண்ணீரும்

காஸாபிளாங்கா

அன்பு மகள் கிஸ்லானுக்கு உம்மா எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் சுகம், உன் வாப்பாவின் முட்டிவலி மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. மொன்றியாலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

இங்கே ஒரு கதை நடந்தது கேள். நம் எதிர்வீட்டு ஜிலாலி ஆஷுராப் பண்டிகையில் விற்பதற்கென்று சீனாவிலிருந்து வரவழைத்த குழந்தைகள் மேளம் பொம்மைகளால் பிள்ளைகளுக்கு ஆபத்து உண்டா என்று பார்க்கும் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தது, தட்டினால் விளிம்பில் விளக்கு மின்னும். கீழே போட்டோம், முறுக்கினோம், எடை கட்டி இழுத்தோம், எதற்கும் பேட்டரி மூடி அசையவில்லை. விற்கலாம் என்று கையெழுத்துப் போடப் போனபோது கூட வேலை செய்யும் லர்பி, "ஆஷுரா அன்னைக்குத் தெருவுல போற இமாமையே தண்ணி ஊத்தி நனைச்சுடுவாங்க, மேளம் மட்டும் காய்ஞ்சு நிக்குமாக்கும்" என்று சிரித்தார். அதுதான் எனக்குப் போதுமே, நனைந்தால் என்ன ஆகும் என்று பார்க்காமல் கை ஓடவில்லை. வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு அதே எடையைக் கட்டினோம், பசை இளகி மூடி பால்பல்லைப் போலக் கழன்று வந்தது, உள்ளேயிருந்து பொத்தான் பேட்டரி ஒன்று உருண்டது. அன்றைக்குப் பிள்ளைகளின் மடி நிறைய பாதாமும் உலர்திராட்சையும் இருக்கும், அதோடு இதுவும் வாய்க்குள் போனால் தொண்டைக்குழாயையே பொசுக்கிவிடும்.

ஜிலாலி வந்து, "தங்கச்சி, மேளத்தை அடிப்பாங்களா குளிப்பாட்டுவாங்களா? என் பொழப்புல மண்ணள்ளிப் போடாதே" என்று கத்தினார். நீங்களே இழுத்துப் பாருங்கள் அண்ணே என்று காய்ந்ததைக் கொடுத்தேன், முகம் சிவக்க இழுத்தார், வரவில்லை, ஜெயித்ததுபோலப் பார்த்தார். பிறகு நனைந்ததைக் கொடுத்தேன். பேட்டரி அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதை விரலால் உருட்டிக்கொண்டே, "விளக்கையும் பேட்டரியையும் பிடுங்கிட்டு வித்தா?" என்றார். அதையும் செய்து பார்த்தோம், விளக்கு இருந்த ஓட்டையின் விளிம்பு லர்பியின் விரலையே கீறிவிட்டது. சரக்கு கிடங்கிலேயே நின்றுபோனது. மனுஷன் என் ஸலாமுக்குக்கூடப் பதில் சொல்லவில்லை, நானும் கையெழுத்துப் போடவில்லை.

ஆஷுராவன்று தெருவெல்லாம் தண்ணீர். ஜிலாலியின் பேத்தி சொட்டச் சொட்ட நனைந்து, நம் ஊர்ச் சிறு மண்மேளத்தைத் தட்டிக்கொண்டு ஓடினாள். அவர் வாசலில் நின்று, இத்தனை நாளைக்குப் பிறகு முதல்முறையாக, "ஏய் நுஸ்ஹா! சீனாக்காரன் மேளத்தை வாளியில முக்கினியே, இந்த மண்மேளத்துல பூசியிருக்கிற சாயத்துல என்ன இருக்குன்னு என்னைக்காவது பார்த்தியா?" என்று கூவினார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் மகளே, எனக்குத் தெரியவில்லை! நானும் அதைத்தான் தட்டி வளர்ந்தேன், உனக்கும் அதன் விளிம்பைக் கடித்துத்தான் பல் முளைத்தது. அன்று மாலையே ஒன்று வாங்கி லர்பியிடம் கொடுத்துவிட்டேன், சாயத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். தினமும் ஜிலாலி வாசலில் நின்று, "என்ன ஆச்சு?" என்று கேட்கிறார், ஸலாமும் சொல்கிறார்.

உன் உடம்புக்கும் படிப்புக்கும் அல்லாஹ் காவல் இருப்பான். வெள்ளிக்கிழமை வாப்பாவைக் கூப்பிட மறக்காதே, அவர் கேட்கமாட்டார், காத்திருப்பார்.

துஆக்களுடன்
உன் உம்மா நுஸ்ஹா