அழகு பார்த்துப் பொறுக்கிய மணல்

மார்ச் 3, செவ்வாய்

ஒரு வாரமாக மணற்பாறையை உடைத்து, சலித்து, கழுவி, கடைசியில் மிஞ்சியது ஒரு சிட்டிகை சிர்கான் என்ற பொடிப் படிக மணிகள். உள்ளே இருக்கும் யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாகும். அதை அளந்தால் மணியின் வயது தெரியும். வயது தெரிந்தால் எந்த மலையிலிருந்து உருண்டு வந்தது என்பதும் தெரியும்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் (மாணவர்கள் நாங்கள் வைத்த பெயர் மலைசார்) இருபது வருடமாக ஒரே பாட்டு: "எல்லா மணலும் வடக்கு மலையிலேருந்து வந்ததும்மா. ஐம்பது கோடி வருஷம்." நான் சொல்வது வேறு. தெற்கே, இன்று கடல் இருக்கும் இடத்தில், இருநூற்றைம்பது கோடி வருடப் பழைய நிலம் ஒட்டியிருந்தது. மணலில் ஒரு பங்கை இங்கே கொட்டிவிட்டு, பிறகு பிய்த்துக்கொண்டு போய்விட்டது. அந்த வயதில் மணிகள் கிடைக்காவிட்டால் என் கடைசி அத்தியாயத்தில் அவர் கையெழுத்துப் போடமாட்டார். மூன்று வருட உழைப்பு அம்போ.

மார்ச் 6

குனிந்து குனிந்து கழுத்து போச்சு. நூற்றுப்பத்து மணி பொறுக்கிப் பிசினில் பதித்தாயிற்று. ஒவ்வொன்றும் கண்ணாடி! பொறுக்குவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மார்ச் 19

நூற்றுப்பத்தும் ஐம்பது கோடி. ஒன்றுகூட — ஒன்றே ஒன்றுகூட — கிழம் இல்லை.

"சொன்னேனா இல்லையா?" மலைசார் மூன்று தடவை கேட்டுவிட்டார். மிட்டாய் வேறு வாங்கி வந்து நீட்டினார். துப்பவா முடியும்? கழிவறைக்குப் போய் அழுதேன். மிட்டாய் நன்றாக இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல்.

மார்ச் 20

மணிகளின் வயதை அளக்கும் லேசர் இயந்திரத்தை ஓட்டுகிற அக்கா, நான் பொறுக்காமல் விட்ட மிச்சத் தட்டை எட்டிப் பார்த்தாள்.

"இதெல்லாம் ஏன்டி விட்டே?"

"அழுக்கா இருந்துச்சுக்கா. பழுப்பா, மங்கலா."

"பொண்ணு பாக்கப் போன மாதிரில்ல பொறுக்கியிருக்கே! யுரேனியம் நூறு நூறு கோடி வருஷமா உள்ளேயே குடைஞ்சா மூஞ்சி எப்படிடி பளபளன்னு இருக்கும்?"

நங்கென்று தலையில் குட்டிக்கொண்டேன். கிழங்களை எல்லாம் நானே கழித்துக்கட்டியிருக்கிறேன்! இந்த முறை பொறுக்கல் கிடையாது, அள்ளிக் கொட்டுவதுதான். மலைசாரிடம் மூச்சு விடவில்லை.

ஏப்ரல் 2

நூற்றிருபதில் நாற்பத்தேழு — இருநூற்றைம்பது கோடி!! அக்காவும் நானும் ஆடிய ஆட்டத்தில் ஒரு பீக்கர் காலி.

அப்புறம் மெல்ல ஒரு சந்தேகம். சார் அந்தக் காலத்தில் எடுத்த நுண்ணோக்கிப் படங்களைப் புரட்டினேன். அடடா! அவர் மணிகளும் ஒன்றுவிடாமல் பளபளப்பு. எனக்குப் பொறுக்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தானே? அவருடைய மிச்ச மணல் புட்டி அலமாரியில் இருபது வருடமாகத் தூங்குகிறது.

ஏப்ரல் 3

என் முடிவுகளோடு அத்தியாயத்தை அவர் மேசையில் வைத்து, மேலே அந்தப் புட்டியையும் வைத்துவிட்டு நல்ல பிள்ளையாக நழுவினேன். நாள் முழுக்க அவர் அறைக் கதவு திறக்கவில்லை. விளையாட்டு அதிகமாகிவிட்டதோ? பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 10

என் நுண்ணோக்கி முன்னால் மலைசார். பக்கத்தில் அந்தப் புட்டி, திறந்து.

"சார், எனக்குக் கொஞ்சம்..."

"அப்புறம் வாம்மா. பழுப்பு முப்பத்தொண்ணு. எண்ணிக்கை தப்பிடப் போகுது."

அவர் முழங்கைக்கு அடியில் என் அத்தியாயம். மெதுவாக உருவினேன். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து, மேலே தேநீர்க் கறை.

அவர் தலையைத் தூக்கவே இல்லை. "பளபளன்னு இருக்கிறதை எல்லாம் நீ வச்சுக்கோ. பழுப்புல மட்டும் கை வைக்காதே."