பெல்ட்ரன் கவுண்டியில் என் விவாகரத்து

ஆகஸ்ட் 6, புதன்

மன்னிக்கணும் டைரி, மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. வாரக்கணக்கில் உன்னைத் தொடாமல் விட்டுவிட்டு இந்த நேரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். டெஸ்ஸா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். பல் முளைக்கிறது. அந்தக் கோபத்தையெல்லாம் என் தோளைக் கடித்துத் தீர்த்துக்கொள்கிறாள்.

டெஸ்ஸாவின் அப்பா வெஸ்லிக்கு ராணுவத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. ஜெர்மனி, மூன்று வருடம். செப்டம்பர் நடுவில் கிளம்ப வேண்டும். அதற்குள் கல்யாணம் செய்துகொண்டு எங்கள் பெயரையும் அவன் குடும்பமாகப் பதிந்துவிட்டால் மூன்று பேரும் ஒன்றாகப் போகலாம். பதிவதற்கு, என் முதல் கல்யாணம் முடிந்துபோனது என்று நீதிமன்ற முத்திரை போட்ட நகல் கேட்கிறார்கள்.

என்னிடம் இருந்ததைத்தான் எரித்துவிட்டோமே. அக்கா மார்லா எனக்காக வைத்த விவாகரத்து விருந்து. கேக் மேல் நீல கிரீமில் "விடுதலை" என்று எழுதியிருந்தாள். கொல்லையில் நெருப்பு மூட்டி, பழைய புருஷன் கோல்பி பெயர் இருந்த தாளையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். அதே நெருப்பில் மார்ஷ்மெல்லோ மிட்டாயும் வாட்டித் தின்றோம்.

நகல்தானே. போய்க் கேட்டால் கொடுத்துவிடப் போகிறார்கள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வீணாய்ப் போன நாள். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் பை, கவுண்டி எழுத்தர் அலுவலகத்தில் அத்தனை நேரம் நின்றதற்குப் பலன், தப்பான கட்டடம் என்று தெரிந்துகொண்டதுதான். கல்யாணப் பதிவு மட்டும்தான் அங்கே. விவாகரத்து எதிரே, நீதிமன்ற எழுத்தரிடம்.

"முடிச்சுப் போடறது நாங்க, அவுக்கறது அவங்க" என்றார் ஜன்னலில் இருந்தவர். இதையே சொல்லிச் சொல்லி எத்தனை வருடமாகச் சிரிக்கிறாரோ.

எதிர்க் கட்டடம் பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை அரை நாளாம். யாருக்கு என்ன அவசரம்!

ஆகஸ்ட் 11, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஜன்னலுக்குப் பின்னால் மிஸ் ஓலீட்டா என்றொரு அம்மாள். கண்ணாடியைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். வழக்கைத் தேடினாள்.

"ஹென்ஸ்லி... கோல்பி, கோரின். ஆங், இருக்கு. ஆனா தீர்ப்பு இல்லையே, கண்ணு."

"வேற எங்கயாவது வச்சிருப்பீங்க."

"நான் எதையும் வேற எங்கயும் வைக்கிறதில்ல. வழக்கு தள்ளுபடி ஆயிருக்கு. யாரும் நடத்தலையாம்."

"நடத்தினோமே! நீதிபதி முன்னாடி நின்னேனே நான்!"

"நின்னிருப்பே. தாள்ல ஒரு பக்கம் குறையுது, சேர்த்துக் கொண்டுவாங்கன்னு அனுப்பியிருக்கார். யாரும் கொண்டுவரலை. தாள் வராம அவர் எதுல கையெழுத்துப் போடுவார், சொல்லு?"

"அப்போ நான்..."

"மிஸஸ் ஹென்ஸ்லிதான். இன்னிக்கும்."

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஆள் சிரித்தான். மிஸ் ஓலீட்டா அவனை முறைத்துவிட்டு, "அடுத்தது யாரு?" என்றாள்.

அந்தப் பக்கம் குறைந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கோல்பியின் டிரக் யாருக்கு என்பதைச் சொல்லும் பக்கம். அன்று கோர்ட் வராண்டாவில் எங்கள் வக்கீல் பிராக்கெட் முதுகில் தட்டி, "முடிஞ்சுபோச்சும்மா, போய்க் கொண்டாடுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்றார். போய்க் கொண்டாடினோம். கையெழுத்தில்லாத வெறும் தாளை எரித்து, அதற்கு ஒரு கேக்!

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பிராக்கெட் தொழிலை விட்டுவிட்டு கடலோரம் போய் மீன் பிடிக்கிறாராம். அவர் அலுவலகம் இருந்த இடத்தில் இப்போது நாய்களுக்கு முடி வெட்டுகிறார்கள். ஒரு பூடில் என்னைப் பார்த்துக் குரைத்தது. சரி, குரை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீல். என் வயதுதான் இருக்கும். வெஸ்லியும் லீவு போட்டுக்கொண்டு வந்தான். மனுவைப் புதிதாகப் போட வேண்டும், போட்டபின் அறுபது நாள் காத்திருக்க வேண்டும், நீதிபதி நினைத்தாலும் குறைக்க முடியாது என்றாள். அறுபது நாளா? அதற்குள் இவன் விமானம் ஏறிவிடுவானே என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, குழந்தை எப்போது பிறந்தது என்று கேட்டாள். சொன்னேன். மறுபடியும் கேட்டாள்.

"அப்போ நீங்க மிஸ்டர் ஹென்ஸ்லியோட மனைவி. அதனால சட்டப்படி குழந்தைக்கு அப்பா அவர்தான்."

டெஸ்ஸா வெஸ்லியின் மடியில்தான் இருந்தாள். அவன் அவள் வாயில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

"ஆஸ்பத்திரியில அப்பான்னு நான் கையெழுத்துப் போட்டேனே, மேடம்."

"அது செல்லாது. இவங்களுக்குக் கல்யாணம் ஆகலைன்னு நினைச்சு வாங்கின கையெழுத்து."

"இவ மூக்கைப் பாருங்க மேடம். அப்படியே என் மூக்கு."

அவள் பார்த்தாள். பாவம், நிஜமாகவே பார்த்தாள். "மூக்கு கோர்ட்ல எடுபடாது, சார்" என்றாள்.

கோல்பி இரண்டு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று விவாகரத்துக்கு. இன்னொன்று, இந்தப் பிள்ளை என்னுடையது இல்லை என்று. போட மறுத்தால் ரத்தப் பரிசோதனை, வாய்தா, எத்தனை மாதமோ.

பார்க்கிங்கில் வெஸ்லி பிள்ளையைச் சீட்டில் வைத்து பெல்ட்டைப் போட்டான். இழுத்துப் பார்த்தான். மறுபடி இழுத்துப் பார்த்தான்.

ஆகஸ்ட் 20, புதன்

ஏன் ஒரு வார்த்தை திட்டமாட்டேன் என்கிறான்? திட்டினால் நானும் கத்தித் தொலைப்பேனே.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கோல்பிக்குப் போன் செய்தேன். மிட்லண்ட் பக்கம் எண்ணெய்க் கிணறுகளில் வேலை, அங்கேயே முகாமில் தங்கியிருக்கிறான். காற்று இரைச்சலுக்கு நடுவே விஷயத்தைச் சொல்லி முடித்தேன். அப்படி ஒரு சிரிப்பு.

"அப்போ இத்தனை நாளும் நீ என் பொண்டாட்டியா? ஒரு பிறந்தநாளுக்குக் கூப்பிட்டியாடி?"

"விளையாடாதே, கோல்பி. ரெண்டு கையெழுத்து. அவ்வளவுதான்."

"அந்தச் சிப்பாய்ப் பய என்ன சொல்றான்?"

"அவனுக்குப் பேர் இருக்கு."

"பிள்ளைக்கு என் பேர்தானே இருக்கு இப்போ?" சிரிப்பு நின்றுவிட்டது. "நாம இருந்தப்போ நமக்கு ஒண்ணும் தங்கலை. இப்போ சும்மா ஒண்ணு வந்திருக்கு. இருந்துட்டுப் போகட்டுமே. எனக்கென்ன நஷ்டம்?"

என்ன பேச்சு இது? விளையாட்டா? அவன் எப்போது விளையாடுகிறான் என்று எனக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை. நான்கு வருடம் அவனோடு இருந்தும் தெரியவில்லை.

"ஒரு போட்டோ அனுப்பு. பார்த்துட்டுச் சொல்றேன்."

"முடியாது."

"அப்போ யோசிக்கணும்" என்று வைத்துவிட்டான்.

அனுப்பமாட்டேன். என் பிள்ளை முகம் அவன் போனுக்குள் போகாது. சத்தியமாப் போகாது.

செப்டம்பர் 2, செவ்வாய்

கல்யாணத்துக்குப் பேசி வைத்திருந்த சர்ச் ஹாலை ரத்து செய்தேன். போதகரின் மனைவிக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றேன். அம்மை போட்டிருக்கிறதா என்று ஆரம்பித்துவிட்டாள்.

மார்லா வந்தாள். "இதெல்லாம் முடியட்டும், ஒரு பெரிய விருந்து வச்சிடலாம்டி" என்றாள்.

"நீ வச்ச விருந்தே போதும், தாயே."

முகம் சுருங்கிப் போய்விட்டாள். போகட்டும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

கோல்பியை மூன்று முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

வெஸ்லி போய்விட்டான். விமான நிலையத்தில் மற்றவர்களின் மனைவிகளெல்லாம் கயிறு கட்டின இடத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போனார்கள். என் பெயர் பட்டியலில் இல்லை, டெஸ்ஸா பெயரும் இல்லை. அவன் கயிற்றுக்கு மேலே குனிந்து அவள் நெற்றியில் முத்தமிட்டான். "தாள் சரியானதும் கூட்டிக்கறேன்" என்றான். "சரியாகும்" என்றேன். இரண்டு பேருமே தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னோம்.

வீட்டுக்கு வந்து டெஸ்ஸாவுக்கு மஞ்சள் சட்டை போட்டு, தலை வாரி, ஜன்னல் பக்கம் உட்காரவைத்துப் படம் எடுத்தேன். சிரித்தாள். சிரிக்காத படமாக ஒன்று எடுத்துவிடப் பார்த்தேன், முடியவில்லை.

அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"கோல்பி, நீ கேட்ட படம் இது. பெயர் டெஸ்ஸா. இரண்டு தாளையும் உன் முகாம் முகவரிக்கு நாளை தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒட்டுச்சீட்டு வைத்திருக்கிறேன். முதல் தாளில் டிரக் உனக்கே என்று எழுதியிருக்கிறது. இரண்டாவதில், அவள் உன் பிள்ளை இல்லை என்று மட்டும்தான். உன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. தயவுசெய்து சீக்கிரம் பதில் போடு."