ஆழத் தண்ணீருக்கு ஒரு ஜீப்

ஜூன் 2, 2003. திங்கள்.

விடியும்போதே தூறல். லிங்கராஜபுரத்தில் எது ரோடு, எது சாக்கடை என்று இனி அக்டோபர் வரை யாருக்கும் தெரியாது. கடை ஷட்டர் துருப்பிடித்து பாதியில் நின்றது. குனிந்தே உள்ளே போனேன். இவரையும் குனியவைத்துக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தேன்.

பத்து மணிக்கு ஒரு பழைய பெட்ரோல் ஜீப் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் ஸ்ரீகாந்த், மல்லேஸ்வரம், கம்ப்யூட்டர் கம்பெனி. வெள்ளைச் சட்டையோடு ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற ஜாதி.

"ஆரோக்கியசாமி சார் இருக்காரா மேடம்? ஆழமான தண்ணில எறக்கறதுக்கு வண்டி ரெடி பண்ணணும்னா அவர்தான்னு எல்லாரும் சொல்றா."

"இருக்காரு" என்றேன். பொய் இல்லை. நாற்காலியில் இருந்தார்.

சக்லேஷ்புரம் பக்கம் காட்டாறாம். சிநேகிதர்கள் நாலு ஜீப்பில் போகிறார்களாம். மழை பிடித்தால் தண்ணீர் பானெட் வரைக்கும் வருமாம். இந்தக் கூத்துக்கு லீவு போடுகிறார்கள்!

பிப்ரவரியில் இவருக்குப் பக்கவாதம் வந்ததைச் சொன்னேன். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போனது. கால் கொஞ்சம் திரும்பிவிட்டது. பேச்சு இல்லை. ஸ்ரீகாந்த் முகம் சுருங்கிப்போச்சு. சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார்.

"வண்டிய விட்டுட்டுப் போங்க. நான் பண்றேன்."

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. இருபது வருஷம் இவர் வண்டிக்கு அடியில் படுத்திருக்க, டார்ச் பிடித்தவள் நான். அவ்வளவுதான் என் படிப்பு. ஆனால் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. "பழகின விஷயத்தைக் கண்ணு முன்னாடி வைங்க ஆன்ட்டி. ஜெபம், பாட்டு, திட்டு, இதெல்லாம்தான் சில பேருக்கு முதல்ல வரும்."

திட்டு. அதில் இவரை அடிக்க ஆளே கிடையாது.

ஜூன் 4. புதன்.

செய்யவேண்டியவை:
— இன்ஜின் மூச்சு: ஏர் ஃபில்டரிலிருந்து குழாய், முன்கண்ணாடிக்கு மேல் வரை. பக்கத்துக் கடை வெல்டர் சர்தாரிடம் சொல்ல.
— சைலன்சர் வாய், பின்னால் மேலே தூக்க.
— டிஸ்ட்ரிபியூட்டர், பிளக் ஒயர்: தண்ணீர் படாமல்.
— ஃபேன் பெல்ட்: இறங்குமுன் கழற்ற. இல்லையென்றால் ஃபேன் தண்ணீரை வாரி இன்ஜின் மேலேயே அடிக்கும்.
— முன்னால் கட்ட தார்ப்பாய்.
— ஆக்சில் மூச்சுக் குழல், முன், பின்.
— இவருக்கு பி.பி. மாத்திரை. ரேஷன்.

நாற்காலியை ஜீப்புக்கு நேராகத் திருப்பிப் போட்டேன். பானெட்டைத் தூக்கினேன். இன்ஜினை ஸ்டார்ட் செய்தேன். "ம்" என்றார்.

சர்தாரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவனும் ஓடிவந்தான். மறுபடியும் ஸ்டார்ட். மறுபடியும் "ம்".

சாயங்காலம் குக்கர் விசில் அடித்தது. அதற்கும் "ம்" என்றார்.

ஜூன் 6. வெள்ளி.

மழை இல்லை. புழுக்கம்.

ஆஸ்பத்திரியில் மிச்சமான ரப்பர் கையுறை ஒரு டப்பா இருந்தது. ஒன்றை எடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் மேல் மாட்டினேன். விரல் நுனிகளை வெட்டி, ஒவ்வொரு விரல் வழியாகவும் ஒரு ஒயர். நாலு பிளக் ஒயர், ஒரு காயில் ஒயர். சரியாக ஐந்து. ஓட்டையெல்லாம் கம் டேப். இது இவர் கண்டுபிடித்த வேலை. முதல்முறை செய்தபோது எனக்குக் காட்டி, "பாத்தியா பிலோ, ஆண்டவரே ஜீப்புக்குன்னு அளவெடுத்து கை குடுத்துருக்காரு" என்று சிரித்தார். இன்று அதே கையுறையை மாட்டிவிட்டு இவர் முகத்தைப் பார்த்தேன். சுவரில் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது போன வருஷக் காலண்டர்.

சர்தார் குழாய் வெல்டிங் முடித்துக் கொண்டுவந்தான். நல்ல வேலை. ஆனால் இவர் என்றால் நாலு குறை சொல்லியிருப்பார்.

"அண்ணன் ஒண்ணும் சொல்லலியேக்கா. மனசு கஷ்டமா கீது" என்றான். திட்டு வாங்காததற்கு வருத்தப்பட ஊரிலேயே நாங்கள் இரண்டு பேர்தான்.

ஜூன் 8. ஞாயிறு.

பூசை. ஊரே "ஆமென்" சொன்னது. இவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் நான் சொல்ல மறந்தேன். எங்கள் தெரு ஜெபக் குழுவான அன்பியத்துப் பெண்கள் வெளியே பிடித்துக்கொண்டார்கள். "விசுவாசமா ஜெபம் பண்ணு பிலோ." என்னமோ நான் விசுவாசமில்லாமல் பண்ணுகிற மாதிரி.

மஸ்கட்டிலிருந்து வினோத் போன். "கடைய யாருக்காவது விட்டுடும்மா. நீ இன்னாத்துக்கு ஜீப்புக்கு அடியில பூந்துனு கீற? அப்பா இனிமே..." நிறுத்திவிட்டான். நானும் கேட்கவில்லை. பெற்ற பிள்ளை வாயால் அதைக் கேட்டு எனக்கு என்ன ஆகவேண்டியிருக்கிறது? போனை இவர் காதில் வைத்தேன். அங்கே அவன் "அப்பா, அப்பா" என்பது எனக்கே கேட்டது. இவர் காதைச் சொறிந்தார்.

ஜூன் 10. செவ்வாய்.

இன்று வேண்டுமென்றே தப்புத் தப்பாக வேலை செய்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இவருக்கு ஆகாதவை மூன்று. ஒன்று, ஸ்பேனரைச் சுத்தியாக்கி அடிப்பது. இவர் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனரால் நட்டை டங் டங் என்று அடித்தேன். முன்பு இதற்காக ஒரு ஆளைத் தெருமுனை வரை துரத்தியிருக்கிறார். ஒன்றும் இல்லை.

இரண்டு, அழுக்குத் துணியால் கார்பரேட்டரைத் துடைப்பது. துடைத்தேன். கொட்டாவி விட்டார்.

மூன்றுதான் பெரிய பாவம். ஆக்சில் மூச்சுக் குழலை அடைப்பது. ஆக்சில் ஓடி ஓடிச் சூடாக இருக்கும். சில்லென்ற தண்ணீரில் இறங்கினதும் உள்ளே காற்று சுருங்கும். மூச்சுக் குழல் அடைத்திருந்தால் அது சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் குழலில் ரப்பர் ட்யூப் மாட்டி, தண்ணீர் எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோகவேண்டும். கல்யாணமான புதிதில், சும்மா உதவலாம் என்று நான் ஒரு வண்டியில் அதை அடைத்துவிட்டேன். "உன் மூக்கப் புடிச்சு தண்ணில அமுக்குனா எப்டி இருக்கும்? வாயால குடிப்பல்ல? அதேதான்டி!" தெருவே கேட்டது. அன்று அழுதேன். இன்று அந்தத் திட்டு வேண்டும் என்று ஏங்குகிறேன். பைத்தியம் பிடித்தவள்.

நாற்காலியை வண்டியின் பின்பக்கமாக இழுத்துப்போட்டேன். எம்-சீல் பிசைந்தேன். இவர் கண்ணுக்கு நேராகக் காட்டினேன். "ஏங்க, இத அடைக்கட்டா? அடைக்கிறேன் பாருங்க." பின் ஆக்சில் குழலை அடைத்தேன்.

பார்த்தார். நன்றாகப் பார்த்தார். அப்புறம் என் கையில் மிச்சமிருந்த எம்-சீலை வாங்கி உருட்ட ஆரம்பித்தார். சின்னப் பிள்ளை மாவு உருட்டுகிற மாதிரி.

டூல் அலமாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சர்தார் டீ கொண்டுவந்தான்.

"இன்னாக்கா, அழுவுறீங்க?"

"கண்ணுல கிரீஸ் பட்டுச்சு."

"பொய் நக்கோ அக்கா. வேணாம்."

டீயைக் குடித்தேன். இவரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மழை.

ஜூன் 14. சனி.

நாள் முழுக்க வெளியே. உடம்பெல்லாம் வலி.

கோலார் ரோட்டில் ஒரு பழைய கல்குவாரி. மழைத் தண்ணீர் தேங்கிக் குட்டையாகி இருக்கிறது. இந்தப் பக்கம் லாரி இறங்கின சரிவு, அந்தப் பக்கம் ஏறின சரிவு. இவர் எப்போதும் சோதனை பார்க்கிற இடம் அதுதான். ஸ்ரீகாந்த் ஓட்ட, பக்கத்தில் இவர், பின்னால் நானும் சர்தாரும். இவர் கையில் என் துப்பட்டாவைச் சுற்றிக் கம்பியோடு கட்டினேன், விழக்கூடாது என்று.

கரையில் ஃபேன் பெல்ட் கழற்றி, தார்ப்பாய் கட்டினோம். "மெதுவா, ஆனா நிறுத்தாம" என்றேன். இவர் சொல்கிற வார்த்தை. என் வாயில் வந்தது.

இறங்கினோம். தண்ணீர் முதலில் சக்கரம், அப்புறம் படி, அப்புறம் பானெட் மேல். வண்டிக்கு முன்னால் அலை எழுந்து இரண்டு பக்கமும் பிரிந்து போனது. இன்ஜின் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஓடியது. ஒரு நிமிஷம் எல்லாம் மறந்துபோனேன். ஆண்டவரே, நான் செய்த வண்டி!

பிறகு முன்னால் எட்டி இவர் முகத்தைப் பார்த்தேன். அக்கரையில் எருமை குளித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஏறிய தண்ணீர் முழங்காலில் பட்டதும் இடது காலைத் தூக்கிக்கொண்டார். அவ்வளவுதான்.

கரையேறினோம். ஸ்ரீகாந்த் குதிக்கிறார். "சூப்பர் மேடம்!" கடைக்கு வந்ததும் சர்தார் வழக்கப்படி பின் ஆக்சில் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தான்.

"அக்கா. பால் டீ மாதிரி வருது."

பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை நான் அடைத்த எம்-சீல் அப்படியே இருக்கிறது. முன் ஆக்சிலுக்கு ட்யூப் மாட்டினேன். பின்னதை எடுக்க மறந்தே போனேன். அன்றைய அழுகையில் அந்த நினைப்பே அடித்துக்கொண்டு போய்விட்டது.

"எப்படி மேடம் தண்ணி உள்ள போச்சு?"

"நான்தான் மூக்க அடைச்சு வெச்சேன்."

ஸ்ரீகாந்துக்குப் புரியவில்லை. "பரவால்ல மேடம், எல்லாருக்கும் ஆகறது" என்றார். நல்ல பிள்ளை. அதுவும் வலித்தது.

ஜூன் 15. ஞாயிறு.

பூசைக்குப் போகவில்லை. இவரைப் பார்த்துக் கத்திவிட்டேன். "பாத்துக்கினுதான இருந்தீங்க? கண்ணு நல்லாத்தான கீது? ஒரு கைய ஆட்டிருக்கக் கூடாதா? ஒரு தடவ தலைய ஆட்டிருக்கக் கூடாதா?" இன்னும் என்னென்னவோ.

சிரித்தார். நான் ஏதோ கதை சொல்வதுபோல அழகாகச் சிரித்தார். வாய் ஒரு பக்கம் மட்டும் போகும் இப்போது.

மன்னிப்புக் கேட்டேன். அதற்கும் அதே சிரிப்பு.

இந்த வேலையை நான் ஏன் எடுத்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. வினோத் நினைக்கிறான் பிடிவாதம் என்று. அன்பியத்தில் நினைக்கிறார்கள் வயிற்றுப்பாடு என்று. ஒரு வார்த்தைக்காகத்தான். திட்டாக இருந்தாலும் சரி.

ஜூன் 17. செவ்வாய்.

பின் ஆக்சில் முழுக்கக் கழற்றி, டீசலில் கழுவி, புது சீல், புது ஆயில். எம்-சீலை உளியால் சுரண்டி எடுத்தேன். கல்லாகிவிட்டிருந்தது. விரலில் வெட்டு. ரப்பர் ட்யூப் மாட்டி முன்கண்ணாடி உயரத்துக்குக் கொண்டுபோய் க்ளிப் போட்டேன். மூன்று தடவை சரிபார்த்தேன். சர்தாரையும் பார்க்கவைத்தேன்.

நாற்காலியைத் திருப்பவில்லை. தெருவைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். ஆட்டோக்கள் போவதைப் பார்ப்பதில் சந்தோஷம்போல.

இன்று முதல்முறையாக, இவரைப் பார்க்காமல் வேலை செய்தேன். வேலை சீக்கிரம் முடிந்தது.

ஜூன் 19. வியாழன்.

காலை ஆஸ்பத்திரி. அந்தப் பெண் படங்களைக் காட்டினாள். பசு, சாவி, குடை. ஒன்றுக்கும் இல்லை. வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "முயற்சி பண்ணிட்டே இருப்போம் ஆன்ட்டி. ஆனா நீங்க அதுக்காகவே காத்துக்கிட்டு இருக்காதீங்க." இருபத்தைந்து வயசு இருக்குமா அவளுக்கு? வேறு எதற்காகக் காத்திருப்பதாம்?

சாயங்காலம் ஸ்ரீகாந்த் வந்து ஜீப்பை எடுத்துப்போனார். பெல்ட் எப்போது கழற்றுவது, தார்ப்பாய் எப்படிக் கட்டுவது, நடுவில் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் பண்ணக்கூடாது, இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் ராடு வளையும், கயிறு கட்டி இழுக்கணும். எல்லாம் சொன்னேன். கிளம்பும்போது இவருக்கு முன்னால் கைகூப்பி, "வரேன் சார்" என்றார். கடை காலி. தரையில் ஆயில் கறை மட்டும்.

ஜூன் 23. திங்கள்.

நல்ல மழை. துணி காயவில்லை. அரிசியில் வண்டு.

மத்தியானம் ஸ்ரீகாந்த், எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன். பின்னால் ஒரே கூச்சல், மழைச் சத்தம். "தாண்டிடுத்து மேடம்! மத்த மூணும் நடுவுல நின்னுபோச்சு, நம்ம ஜீப்தான் மூணையும் கட்டி இழுத்தது! சார்கிட்ட கண்டிப்பா சொல்லுங்கோ."

சொல்கிறேன் என்றேன்.

இவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் போய் நின்றேன். எதிர்பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் போனேன். "ஏங்க. நம்ம ஜீப்பு தாண்டிடுச்சாம். நம்மளது மட்டும்தான் நிக்காம தாண்டுச்சாம்."

என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. மெல்ல வாயைத் திறந்தார்.

"சொல்லுங்க" என்றேன். "சொல்லுங்க, சொல்லுங்க."

திறந்த வாயை மூடவில்லை. அப்படியே காத்திருந்தார். அப்புறம்தான் மணியைப் பார்த்தேன். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. ஸ்பூனுக்காகத் திறந்திருக்கிறார்.

ரசம் சாதம் பிசையப் போனேன்.