கூட்டு வகுப்பில் யாரோ ஒருவன்

திங்கள்
ஆண்கள் விடுதி

மதிப்பிற்குரிய வருங்கால டாக்டரம்மாவுக்கு,

நான் நலம். நலமில்லாவிட்டாலும் உன்னிடம் காட்ட மாட்டேன். நீ போனை எடுப்பதில்லை. அதனால்தான் உன் விடுதி வாட்ச்மேன் வழியாக இந்தக் கடிதம்.

இன்று முதல் கூட்டு வகுப்பு. மருத்துவம், நர்சிங், பார்மசி மூன்றும் ஒரே குழுவாக நோயாளியைப் பார்க்கப் பழக வேண்டுமாம். குழுவில் எல்லாரிடமும் பெயர் கேட்டாய், சரி. என்னிடமுமா? பதினெட்டு வருஷம் ஒரே பாத்ரூம் கதவைத் தட்டிச் சண்டை போட்டவனிடம், "உங்க பேர்?" இதில் 'உங்க' வேறு.

எனக்கென்னவோ சந்தேகமாக இருக்கிறது. தம்பி நர்சிங் படிப்பது உன் சிநேகிதிகளுக்குத் தெரியக் கூடாதோ?

இப்படிக்கு,
பெயர் தெரியாதவன்

புதன்

அன்புள்ள தம்பிக்கு,

ஒரே வீட்டுக்காரர்களை ஒரே குழுவில் விடமாட்டார்கள். தெரிந்தால் பிரித்துவிடுவார்கள். வேறொன்றுமில்லை. அம்மாவிடம் போட்டுக் கொடுக்காதே.

வெள்ளிக்கிழமை வார்டில் நிஜ நோயாளி. வாலைச் சுருட்டி வைத்துக்கொள். ஒழுங்காகச் சாப்பிடு.

சனி

அக்கா,

உன் கடிதத்தில் கையெழுத்தே இல்லை. யார் கையிலாவது சிக்கிவிடும் என்றா? கூட்டு வகுப்பு மேடத்திடம் சும்மா விசாரித்தேன். அப்படி ஒரு விதியே கிடையாதாம்.

அந்தக் கடுப்பில்தான் நேற்று வார்டுக்குப் போகும் முன் நம் அடையாள அட்டைகளை மாற்றி வைத்தேன். நீ வழக்கம்போல் பார்க்காமலே மாட்டிக்கொண்டாய். உன் கழுத்தில் 'நர்சிங்', என் கழுத்தில் 'மருத்துவம்'. நம் நோயாளி, அந்தத் தையல்காரர், என்னிடம், எல்லாம் நன்றாக இருக்கிறது டாக்டர் என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். நீ தலையணையைச் சரிசெய்யக் குனிந்ததும் குரலைத் தாழ்த்தினார். "சிஸ்டர், அந்த வெள்ளை மாத்திரை போட்டா தலை சுத்துது. மூணு நாளா முழுங்கல. டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க, திட்டுவார்." அந்த 'டாக்டர்' நான் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்! அப்போதுதான் நீ உன் அட்டையைப் பார்த்தாய்.

திங்கட்கிழமை முதல்வர் அறைக்கு வரச்சொல்லி ஆள் வந்துவிட்டது. அட்டை மாறியது நம் இருவருக்குத்தான் தெரியும். நான் சொல்லவில்லை. என் சீட்டு கிழிந்தால் உனக்கு வசதிதானே?

இப்படிக்கு,
உனக்குத் தெரியாத அதே ஆள்

ஞாயிறு

என் வால் தம்பிக்கு,

சொன்னது நான்தான்.

மாத்திரை விஷயத்தை வார்டு டாக்டரிடம் மறைக்க முடியுமா? எங்களிடம் சொல்லாததை உன்னிடம் ஏன் சொன்னார் என்று கேட்டார். என்னை நர்ஸ் என்று நினைத்துவிட்டார் என்றேன். அட்டை எப்படி மாறியது என்றார். என் சிநேகிதிகள் எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"என் தம்பி வேலை டாக்டர்."

"யாரு தம்பி?"

நீ வெளியே மரத்தடியில் பார்மசிப் பெண்ணிடம் டாக்டர் பந்தா காட்டிக்கொண்டிருந்தாய். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "அதோ, அந்த நர்சிங் பையன்" என்றேன்.

விதி எதுவும் இல்லை. நீ சந்தேகப்பட்டது சரி. அதற்கு மேல் எழுத வரவில்லை.

மாத்திரையை மாற்றிவிட்டார்கள். புது மாத்திரை போட்டும் தையல்காரர் இன்று தலைசுற்றாமல் எழுந்து நடந்தார். உன்னை வேறு குழுவுக்கு மாற்றட்டுமா என்று மேடம் கேட்டார். வேண்டாம் என்றேன்.

நாளை முதல்வர் அறை வாசலில் நில். நானும் உள்ளே வருகிறேன். வாயைத் திறக்காதே. பெயர் கேட்டால் மட்டும் சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: இதை மடிக்காமலேதான் வாட்ச்மேனிடம் கொடுக்கிறேன். படித்தால் படிக்கட்டும்.