பிரசவ ஆஸ்பத்திரியின் பைன் காய்

மார்ச் 3

கடைசிக் கட்டுச் செதில்களும் லேசர் கடையிலிருந்து வந்துவிட்டன. வீடெல்லாம் கருகிய மர வாசனை. என் வீட்டுக்காரர் மூக்கைச் சுளித்துக்கொண்டே சாப்பிட்டார்.

பிரசவ ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில் தொங்கவிட நான் மரத்தில் செய்யும் பைன் காய்ச் சிற்பம் இது. இரண்டு ஆள் உயரம். ஒரு திசையில் எட்டுச் சுருள், எதிர்த் திசையில் பதின்மூன்று; நிஜக் காயின் கணக்கே அதுதான். எடை குறையட்டும் என்று இரண்டு மெல்லிய பலகைகளை, ஒன்றின் ரேகை நெடுக்கிலும் மற்றதன் ரேகை குறுக்கிலும் ஓடும்படி ஒட்டி, கம்ப்யூட்டரில் வரைந்த வடிவத்துக்கு வெட்டச் சொன்னேன்.

பாரம் தாங்கும் என்று கையெழுத்திட ஆஸ்பத்திரி அமர்த்தியிருக்கும் பொறியாளர் யார்? என் நாத்தனார்! ஊரில் வேறு ஆளா இல்லை?

மார்ச் 9

தொங்கவிட்டாயிற்று. செதில்கள் எல்லாம் விரிந்து, வெயிலில் காய்ந்து உதிர்ந்த காய் போலவே இருக்கிறது. நாத்தனார் ஏணியில் ஏறிச் சங்கிலிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள்.

"ஒரு வாரம் தொங்கட்டும் அண்ணி. அப்புறம் கையெழுத்து போடறேன்."

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்க மேல நிறைய இருக்கு. பலகை மேலதான் கொஞ்சம் கம்மி."

மார்ச் 13

விடாத மழை. புழுக்கம் போயிற்று. நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 14

காலையில் தலைமை நர்ஸ் போன் செய்தார். "மேடம், உங்க காய் சுருங்குது. சத்தம் வேற போடுது. கீழ உட்கார எல்லாரும் பயப்படுறாங்க."

அரக்கப் பரக்க ஓடினேன். ஐயோ — செதில்கள் உள்நோக்கி வளைந்து, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடந்தன. நான் வரைந்த வடிவம் எங்கே? நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே எங்கோ 'கிரீச்' என்றது. நிறைமாதக்காரி ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நகர்ந்தாள். அந்த முகம்!

நாத்தனார் அதற்குள் கூடத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டிருந்தாள். எல்லார் முன்னாலும் என்னிடம் சொன்னாள்: "இது விழுந்தா யார் தலையில விழும்னு யோசிச்சீங்களா அண்ணி?"

யோசிக்காமலா? எத்தனை ராத்திரி அதையே யோசித்தேன்! வாய் வரை வந்தது, சொல்லவில்லை.

மார்ச் 15

அவர் மதில்மேல் பூனை. "அவ சொல்றதும் சரி, நீ சொல்றதும் சரி"யாம். நான் எதுவுமே சொல்லலையே! வாயைத் திறந்தாதானே சொல்றதுக்கு!

மார்ச் 16

நிர்வாகி முடிவு சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை இறக்கிவிட வேண்டும். நாத்தனார் தலை குனிந்தபடி பக்கத்தில் நின்றாள். அவளைக் கோபிக்கலாம் என்று பார்த்தால் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் கயிறு கட்டியிருப்பேன்.

ஆனால் தப்பு எங்கே? கணக்கிலா? பசையிலா? என்னிலா?

மார்ச் 18, வெள்ளி

இறக்கப் போனோம். இறக்கவில்லை.

நேற்று முழுக்க நல்ல வெயில். உள்ளே நுழைந்தால், செதில்கள் மறுபடி விரிந்திருந்தன, வரைந்தது வரைந்தபடி! ஏணி தூக்கி வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நாத்தனார் மேலே ஏறி ஒவ்வொரு திருகாணியாகத் தட்டிப் பார்த்தாள். ஒன்றுகூடத் தளரவில்லை.

கீழே வந்து, மிச்சம் வைத்திருந்த ஒரு செதிலை வாங்கி, கேண்டீனில் கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் காட்டினாள். மெல்ல மெல்ல வளைந்தது. வெயிலில் வைத்தோம். மெல்ல மெல்ல நிமிர்ந்தது. வெளிப்பலகை ஈரத்தில் நீள்கிறது, உள்பலகை நீள்வதில்லை, அதனால் வளைகிறது. நிஜப் பைன் காய் மழைக்கு மூடிக்கொள்வதும் இதே விதத்தில்தானாம், போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள்.

"அப்ப அந்தச் சத்தம்?"

"திருகாணிய ரொம்ப இறுக்கிட்டீங்க. அசைய இடமில்லாம முனகுது. துளைய நீளமாக்கிட்டா வாய மூடிக்கும்."

பிறகு கண்ணைச் சுருக்கிக் கேட்டாள்: "அண்ணி, உண்மையச் சொல்லுங்க. இத தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?"

"சத்தியமா இல்ல."

"தெரிஞ்சு செஞ்சேன்னு சொல்லிக்கோங்க. நான் காட்டிக் கொடுக்க மாட்டேன்."

சிரித்துவிட்டேன். சிரிப்போடு அழுகையும் வந்தது. கேண்டீன்காரர் கேட்காமலே இரண்டு டீ வைத்தார். நிர்வாகியிடம் தற்செயல்தான் என்று உள்ளதைச் சொன்னேன். "விழாதுன்னா போதும்மா" என்றார்.

மார்ச் 27

துளைகள் நீண்டன. ஈர நாளும் காய்ந்த நாளும் பார்த்தாயிற்று, காய் மூச்சுக்கூட விடவில்லை. நாத்தனார், கூடுதல் எடை கட்டித் தொங்கவிட்டும் சோதித்துவிட்டு, கையெழுத்திட்டாள். கயிறை அவளே அவிழ்த்தாள். முதல் ஆளாகக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்ததும் அவள்தான்.

ஜூலை 6

காலையிலிருந்து அடைமழை. துணி எதுவும் காயவில்லை. மதியம் நாத்தனார் போன் செய்தாள்.

"மூடியிருக்கும், இல்ல அண்ணி?"

"மூடியிருக்கும்."

அப்புறம் அவள் பெண்ணுக்கு முதல் பல் விழுந்த கதையைத்தான் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.