அருவித் தண்ணீரும் நீ கேட்ட கேள்வியும்

அம்மா,

ஆய்வுக் கட்டுரைக்காக இன்று உன் போனில் ‘குற்றால’ என்று தட்டினேன். மீதியைப் போனே எழுதிக் காட்டியது: ‘குற்றாலத் தண்ணியில குளிச்சா கட்டி கரையுமா’. நீ மைக்கை அமுக்கி வாயால் கேட்ட கேள்வி. உன் பேச்சை அப்படியே வைத்திருக்கிறது.

போன சாரல் காலத்தில் பள்ளியில் இந்த ஆய்வைக் கொடுத்தார்கள். குற்றால மூலிகைகள் என்ற தலைப்பை நானே தேர்ந்தெடுத்தேன். இணையத்தில் எதைப் படித்தாலும் எழுதியவர் யார், எதை வைத்துச் சொல்கிறார், எதையாவது விற்கிறாரா என்று பார்க்கச் சொன்னார் டீச்சர். சாம்பாரில் உப்பு போதும் என்று அப்பா சொன்னால்கூட “ஆதாரம் என்ன?” என்பேன். “ஏட்டி, ஒன்னைய வக்கீலுக்குத்தான் படிக்க வைக்கணும்” என்று சிரிப்பாய்.

உனக்கு மார்பில் கட்டி என்று தெரிந்து, ஊசி மருந்து தொடங்கியிருந்த நேரம். ஒரு மத்தியானம் போனை என்னிடம் நீட்டினாய். மூலிகையில் ஊறிவரும் அருவித் தண்ணீரில் ஒரு மண்டலம் குளித்தால் கட்டி கரையும், ஊசியை நிறுத்திவிட வேண்டும் என்றது ஒரு பக்கம். தெளிவான, அழகான தமிழ்.

“நீதான் நல்லா தேடுவியே. நெசமான்னு பாரு.”

பார்த்தேன். எழுதியவர் பெயர் இல்லை. அடியில் எண்ணெய் வாங்க ஒரு நம்பர் இருந்தது. மருத்துவர்கள் எழுதிய பக்கங்களில் தண்ணீரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அடுத்த ஊசிக்குத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றுவிடுவாயோ என்று பயமாக இருந்தது.

“இல்லம்மா. எண்ணெய் விக்கதுக்கு எழுதியிருக்கான்.”

“நம்ம மேலகரத்துலயும் எல்லாரும் அப்படித்தான சொல்லுதாவ?”

“சொல்லுதாவ. கரைஞ்சதை ஒருத்தரும் காட்டல. நீ ஊசியை மட்டும் விட்டுராதம்மா.”

போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாய். “சரிட்டி, விடல. ஆனா குளிக்கவாவது கூட்டிட்டுப் போ. அதுக்கும் ஆதாரம் கேக்காத.”

டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் போனோம். ஐந்தருவியில் அன்று கூட்டமில்லை. முடி கொட்டிய தலையில் தண்ணீர் விழுந்ததும் “ஆத்தாடி!” என்று கத்தினாய். பக்கத்தில் நின்ற பெண் பயந்துபோனாள். அவளையும் சேர்த்துச் சிரிக்கவைத்தாய்.

ஊசியை நீ விடவில்லை. இருந்தும் பங்குனியில் போய்விட்டாய்.

தலைப்பை மாற்றிக்கொள்ளலாம் என்றார் டீச்சர். நான் மாற்றவில்லை. இன்று தேடியபோது, நம்பத் தகுந்தவையாக எனக்குக் கிடைத்தவை எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. உன்னால் படிக்க முடிந்த தமிழில் அந்த எண்ணெய்க்காரன்தான் இருந்தான். எழுதியவர் யார் என்று பார்க்கும் பழக்கம் எனக்கு முன்பே உண்டு. வாசிப்பவர் யார் என்று நினைக்கும் பழக்கம் உன்னால் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதா வேண்டாமா என்று தெரியாமல் போனிடம் கேட்கிற ஒருத்தி எப்போதும் என் கண்முன் இருக்கிறாள்.

கட்டுரையைத் தமிழில்தான் எழுதுகிறேன், அம்மா. பள்ளியின் இணையதளத்தில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதல் வரிகள் அவளுக்கு:

‘அக்கா, அருவியில் குளியுங்கள், சுகமாக இருக்கும். கட்டி கரையும் என்பதற்கு நான் தேடியவரை ஆதாரம் இல்லை. மருந்தை நிறுத்தாதீர்கள்.’